அக்கா பேர் வைத்த ஆந்தை

மார்ச் 3, செவ்வாய்

சின்ன ஆந்தைகள் இருக்கிற இழுப்பறை மறுபடியும் மக்கர். இழுத்ததில் நகம் பெயர்ந்தது. அருங்காட்சியகத்தில் இருபத்திமூன்று வருஷம் பறவைகளைக் காத்த பலன்!

மதியம் வெளியூர் ஆய்வாளர் ஒருவரிடமிருந்து கடிதம். அக்கா பேரை நான் வைத்த ஆந்தையும், ஊரெல்லாம் இருக்கிற சாதாரணச் சின்ன ஆந்தையும் மரபணுச் சோதனையில் ஒன்றாகவே வருகின்றனவாம். "தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்." நாசமாப் போ. இதுதான் என் கருத்து.

மார்ச் 4

கோபம் ஆறவில்லை. ஆனாலும் பதில் எழுதத்தானே வேண்டும்.

தனி இனம் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் எழுதியதற்குக் காரணம் மூன்று. நிறம், செம்பழுப்பு. ஆனால் ஒரே கூட்டில் ஒன்று சாம்பலும் ஒன்று சிவப்புமாக வளர்கிற ஜாதி இது. இறக்கை, நான்கு மில்லிமீட்டர் குறைவு. பாடம் செய்த தோல் காய்ந்தால் சுருங்கும். நான் காய்ந்ததை உயிருள்ளதோடு ஒப்பிட்டு வைத்திருக்கிறேன். மகா புத்திசாலி!

மிச்சம் குரல்தான். இந்தக் குட்டி ஆந்தைகளைக் கண்ணால் பிரிக்க முடியாது, காதால்தான் பிரிக்கணும். நம்முடையது மெல்லிசு, வேகம். அக்கா காட்டில் நாடாவில் பதிந்தபின் வேறு யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அதனால் 'மிக அரிது' என்றுகூட எழுதினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீடு. பக்கத்தில் புதுசாகக் குடிவந்த டெய்லரைக் கூப்பிட்டு, சுவரில் இருக்கிற ஆந்தைப் படத்தைக் காட்டினாள். "என் மூத்த பொண்ணு பேரு இதுக்கு. அவதான் இது கூவறதப் பதிவு பண்ணா. திரும்பி வர்றப்போ ஜீப் கவுந்து போயிட்டா. பறவை இருக்கு."

டெய்லர் படத்தை உற்றுப் பார்த்து, "மூக்கு நல்லா இருக்கும்மா" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

மார்ச் 11

ஆய்வாளர் அக்கா பதிந்த மூல நாடாவை அனுப்பச் சொல்கிறார். ஒலிக்கூடத்து அண்ணன் அதைத் தேடி எடுத்துக்கொண்டே, "நாடா ஆரம்பத்துல உங்க அக்கா தேதி, இடம் எல்லாம் சொல்லியிருப்பாங்களே, கேட்டிருக்கியா?" என்றார்.

"கேட்டிருக்கேன்ணே."

பொய். ஒரு தடவைகூட இல்லை. அவள் போன ஒரு மாதத்தில் அந்த நாடா என் கைக்கு வந்தது. குரலைக் கேட்டால் செத்துப்போவேன் என்று முதல் அரை நிமிஷத்தை ஓட்டிவிட்டு, ஆந்தை கூவுகிற இடத்திலிருந்துதான் அளந்தேன்.

மார்ச் 12

கேட்டேன். அது அக்கா இல்லை.

மார்ச் 13

அக்காவுக்குக் கட்டைக் குரல். போனை எடுத்தால் "சொல்லுங்க சார்" என்பார்கள். நாடாவில் பேசுவது யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை — கீச்சென்று, அவசர அவசரமாக.

அண்ணன் உடனே சொல்லிவிட்டார். "பேட்டரி தீர்ந்திருக்கும்மா. பதியறப்போ நாடா மெதுவா ஓடியிருக்கு. அத இங்க சரியான வேகத்துல போட்டா எல்லாமே கீச்சுன்னுதான் கேக்கும்."

எல்லாமே. ஆந்தையும்தான்.

வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அக்கா வந்துவிட்டாள். அவளேதான்! "பொழுது சாயுது, மணி ஆறு பத்து. கால் பூரா அட்டை. ரெக்கார்டர் மக்கர் பண்ணுது, பார்த்துக்கோ. தங்கச்சி, நீதான் இத முதல்ல கேப்ப. சிரிக்காத."

அடுத்து ஆந்தை. எங்கள் ஆபீஸ் காம்பவுண்டு மரத்தில் தினமும் கூவுகிற அதே ஆந்தை. இம்மி வித்தியாசமில்லை.

ஐயோ அக்கா. சொல்லித்தானே வச்சிருந்தே.

மார்ச் 15

நாடா தொலைந்துவிட்டது என்று எழுதிவிடலாமா? அம்மாவுக்கு எழுபத்தெட்டு. அவளுக்கு இருக்கிறது அந்தப் படம் ஒன்றுதான். அழிக்க ஒரு நிமிஷம் போதும் — அழித்தால் அந்தக் குரலும் போகுமே.

மார்ச் 19

ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். நாலு வரி. அப்படி ஓர் இனம் இல்லை, தவறு என்னுடையது.

மார்ச் 22, ஞாயிறு

சொன்னேன்.

"அப்போ அவ பேர்ல ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

"நீ அன்னைக்கே கேட்டிருக்கலாமேடி."

கேட்டிருக்கலாம். படத்தைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். நாடாவைப் போடட்டுமா என்றதற்கு, "வேண்டாம், எடுத்துட்டுப் போயிடு" என்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளும் என்னை மாதிரிதான்.

மார்ச் 30

இழுப்பறையில் அக்கா பேரைச் சுமந்த மூன்று ஆந்தைகளின் காலிலும் புதுச் சீட்டு கட்டினேன். சாதாரணப் பெயர். பழைய சீட்டை எடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. அதன்மேல் கட்டி மூடினேன்.

சாயங்காலம் அம்மா போன். "அத போடு."

போனை ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைத்தேன். சிரிக்காத என்று அக்கா சொல்லி முடித்தாள்.

ஆந்தை ஆரம்பித்ததும், "அத நிறுத்துடி" என்றாள் அம்மா. "முதல்லேர்ந்து போடு."