தேய்த்துவிட்ட நீல விளிம்பு

எதிலும் விட்டுக்கொடுக்காத என் அன்பு அண்ணனுக்கு,

தாராவிப் பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தகடு வெட்டும் உங்கள் பழைய லேசர் மெஷினும் ஓடுகிறது. நீங்கள் இருந்தால் காதில் வாங்கவே மாட்டாத ஒரு செய்தியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இப்போது குறுக்கே பேச உங்களால் முடியாது, அது எனக்கு வசதி.

மருத்துவக் கருவிக் கம்பெனிக்கு வெட்டிக் கொடுத்தோமே, மெல்லிய ஸ்பிரிங் தகடுகள், நினைவிருக்கிறதா? சோதனையில் வளைத்ததும் வரிசையாக ஒடிந்தன. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. தகடு கொடுத்த தேவ்நார் பரமசிவம் அண்ணாச்சியை நம் சந்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "கலப்படச் சரக்க எங்க தலையில கட்டிட்டீரே வே" என்றீர்கள். "எம் புள்ள மேல சத்தியம், தகடு சுத்தம்" என்றார் அவர். யார் கேட்டார்கள்? அதன்பிறகு சந்தில் ஒருவரும் அவரிடம் வாங்கவில்லை. கடையை மூடிவிட்டார்.

போன வாரம் செம்பூரில் ஒரு பட்டறைக்குப் புது லேசர் பார்க்கப் போனேன். அண்ணாச்சி கொடுத்ததில் மீதிக் கிடந்த தகட்டையும் எடுத்துப் போனேன். மெஷின் ஓட்டும் சுமதி, ஒளி ஒவ்வொரு தடவையும் அடிக்கும் நேரத்தை, அதுதான் பல்ஸ், மிகமிகக் குறைத்து வெட்டினாள். விளிம்பில் சூடு பட்டு ஏறும் நீலம் இல்லை, பிசிறும் இல்லை. வளைத்தேன். ஒடியாமல் நிமிர்ந்தது. நம்ப முடியாமல் ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, பல்ஸ் நீளமா இருந்தா சூடு உள்ள எறங்கிரும். சின்னதா அடிச்சா, சூடு பரவுறதுக்குள்ள வேல கதம்" என்றாள்.

தோசைக்கல்லைச் சட்டென்று தொட்டு எடுப்பதற்கும் கையை வைத்தபடி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரே ஓட்டத்தில் வெட்டு விழவேண்டும் என்று நீங்கள் பல்ஸை நீட்டி வைப்பீர்கள். அந்தச் சூடு விளிம்பைத் தாண்டிப் போய், கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உள்ளே விட்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரிந்தது நீலம் மட்டும். "ஏட்டி, நீலத்தப் பாத்தா இன்ஸ்பெக்சன்ல திருப்பிருவான், தேச்சு விடு" என்பீர்கள். ஒன்றுவிடாமல் தேய்த்துப் பளபளவென்று அனுப்பியது நான். தப்பு நம்முடையது என்று காட்டக்கூடிய ஒரே அடையாளத்தை என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

நீங்கள் இறந்தபோது துஷ்டி கேட்க அண்ணாச்சி வந்தார். சந்து முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான் பார்த்தும் கூப்பிடவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"போனவுக பேர எதுக்கு இழுக்கே?" என்கிறார் மதினி. நியாயம்தான். ஆனால் அண்ணாச்சி இன்னும் உயிரோடு இருக்கிறாரே, அண்ணே.

ஞாயிற்றுக்கிழமை தேவ்நார் போய் அவரை அழைத்து வருவேன். வர மாட்டேன் என்றால் மறு ஞாயிறும் போவேன். நீங்கள் அவரை நிறுத்திய அதே இடத்தில், எல்லோர் காதிலும் விழ, தகடு சுத்தம் என்று சொல்வேன். வெட்டியது என் அண்ணன், தேய்த்தது நான் என்றும் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்களோடு கூடப்பிறந்து, அந்தத் தப்பிலும் கூட நின்ற தங்கை,
மாரி