தூங்குகிறவர்கள் போடும் சோறு

மார்ச் 4

குழல்காரருக்கு,

நலம்தானே? நான் நலம், ஒரு பல் மட்டும் இல்லை. நேற்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள்.

ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். மத்தியான வெயில் மீன்தொட்டிக்குள் விழுந்து, சுவரெல்லாம் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. கண் செருகியது. அந்தத் தொட்டிக்குள்ளிருந்து நான் பாடினேன். சத்தியமாக. சொல்லே இல்லாமல் என் குரல், கூடவே உங்கள் குழல். கனவென்றுதான் நினைத்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டால், "இதப் போட்டாத்தான்க்கா பல்லு பிடுங்க வர்றவங்க பயப்படாம இருக்காங்க" என்று போனைக் காட்டினாள். அதில் உங்கள் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

நான் எப்போது உங்களுக்குப் பாடிக் கொடுத்தேன்?

இப்படிக்கு,
பழைய வீட்டுக்காரி

மார்ச் 11

என் கோபக்காரிக்கு,

ஒன்றரை வருஷம் கழித்து உன் கையெழுத்து! திட்டும்கூட இனிக்கிறது.

தப்பு என்னுடையதுதான். நீ இங்கே இருந்தபோது ஒரு நாள் சாதகம் முடித்து, மைக்கை அணைக்க மறந்து பால் வாங்கப் போய்விட்டேன். நீ அறைக்குள் வந்து ஏதோ வேலை செய்துகொண்டே ஏழு நிமிடம் ஹம்மிங் செய்திருக்கிறாய். நீ வீட்டை விட்டுப் போன பிறகுதான் அதைக் கேட்டேன். கூடவே வாசித்து இணையத்தில் ஏற்றினேன்.

கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு சிடி விற்போமே, அந்தக் காலம் போயே போய்விட்டது. இப்போது ஒருவர் ஒரு தடவை கேட்டால் பைசாவில் ஒரு துணுக்கு விழும். அதுவும் அரை நிமிடமாவது கேட்டால்தான். என் ராகங்களை இருபதாவது வினாடியில் தள்ளிவிடுகிறார்கள். உன் குரலைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார்கள். விடியும்வரை அது தானாக ஓடுகிறது. முன்வரிசையில் யாராவது கொட்டாவி விட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருமே! இன்று தூங்குகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். பாதி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இதேபோல் இன்னும் பத்து வேண்டும் என்கிறது ஒரு நிறுவனம். வந்துவிடேன். வேலைக்காக மட்டும் கூப்பிடவில்லை. இந்த வீட்டில் நீ எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறாய் என்று அதைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நானும் அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன்.

உன்,
குழல்காரன்

மார்ச் 29

என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. வருகிறாயா, இல்லையா? ஒரு வரி போதும்.

குழல்காரன்

ஏப்ரல் 6

உங்களுக்கு,

கோபமில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

அந்த ஏழு நிமிடமும் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் துணியை மட்டும். போய்விடுவதென்று அன்று காலையில்தான் முடிவு செய்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் உங்கள் சாதகம் கெடக்கூடாதென்று அந்த வீட்டில் பூனைபோல நடந்தேன். ஒரு கரண்டி கீழே விழுந்தால் 'உஷ்' என்பீர்கள். நான் முணுமுணுத்ததை அதற்கு முன்னால் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். அன்று மனசு லேசாகி, என்னையறியாமல் வாய் பாடியது. நீங்கள் கேட்கிற நிம்மதி அதுதான்.

உங்கள்மேல் எனக்கு இன்னமும் பிரியம் உண்டு. அதனால்தான் உண்மையை எழுதுகிறேன்.

அந்தப் பாட்டு இணையத்திலேயே இருக்கட்டும். யாரோ கண்ணயர்கிறார்கள் என்றால் எனக்கும் சந்தோஷம். பாதியை அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? என் பெயரையும் போடுங்கள்.

இன்னும் பத்துக் கேட்கிறீர்கள். அதற்கு நான் திரும்பி வந்து, பத்துத் தடவை உங்களை விட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
பாடினவள்