அண்டாவின் சத்தம்

வைகாசி 9, வியாழன்.

அக்கா கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டாவை அம்மாவும் நானும் இன்று திருப்பிக் கொடுத்தோம். தூக்கிப் போன தோள் இன்னும் வலிக்கிறது. எடுக்கும்போது கடையில் தட்டிக் காட்டுவார்கள். சத்தம் சரியென்று நாம் ஒத்துக்கொண்டால், பிறகு விரிசல் கண்டால் பற்றவைக்கும் செலவு நம்முடையது.

கடைக்காரர் தட்டினார். ஓட்டைச் சத்தம் வந்தது.

"குடுக்கையில கணீர்னு இருந்துச்சே, தாயி. ஒம் மகதான தலைய ஆட்டி வாங்கிட்டுப் போனா?"

அன்றும் இதே சத்தம்தான். கடையில் ஆண்கள் நிறையப் பேர் நின்றார்கள். கூச்சத்தில் தலையை ஆட்டி வாங்கி வந்துவிட்டேன்.

அக்காவின் மறுவீட்டுச் சேலைக்கு அப்பா வைத்திருந்த பணம் இனி அண்டாவுக்குப் போகும்.

வரும் வழியில் அம்மா கேட்டாள்: "நல்லாக் கேட்டுத்தானடி வாங்குன?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.