நாலரை மணிக்கு எழுந்தவர்

இன்று காலை நம் மகளின் வெள்ளைச் சீருடையில் கூலண்ட் வாடை அடித்தது. லேத்தில் இரும்பு கடைகையில் ஊற்றும் அந்த எண்ணெய்த் தண்ணீரின் வாடையை எட்டு வருஷம் என் துணியிலிருந்து போக்கியவர் நீங்கள். வீட்டுத் துணிக்குச் சிவப்பு பக்கெட், என் கம்பெனித் துணிக்கு நீல பக்கெட், அதில் ஒரு பிடி சலவைச் சோடா என்று வைத்திருந்தீர்கள். நான் எல்லாவற்றையும் ஒன்றாக வாஷிங் மெஷினில் திணித்துவிட்டேன். "கம்பெனி வாசனை அடிக்குதும்மா" என்றாள். அதையே போட்டுக்கொண்டு போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, மேனாம்பேடு வீட்டு அடுப்படியில் நின்று நீங்கள் கணக்குத் தீர்த்த மாதிரி சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நான் வேலைய உட்டா ஒரு ஆளுக்குத்தான் வேல போவும். நீ பட்டறைய மூடினா பன்னெண்டு பேருக்குப் போவும். இதுல யோசிக்க இன்னா கீது?" மறு வாரமே பூந்தமல்லி குடோன் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். கீழ் வீட்டு அம்மா, "வேலைக்குப் போவலியாப்பா?" என்று கேட்டபோது, குழந்தையை இடுப்பில் வைத்தபடி, "இது இன்னா, விளையாட்டா?" என்றீர்கள். அந்த அம்மா அதற்குப் பிறகு கேட்டதில்லை. உங்களுக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் எனக்குத்தான்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு ஆர்டர் கொடுக்கும் ஆட்கள் பட்டறைக்கு வந்தால், என்னைப் பார்த்துவிட்டு, "சார் இல்லீங்களா?" என்பார்கள். நான்தான் முதலாளி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்த காலம் அது. ஒருமுறை ஒரு பெரிய கம்பெனி மேனேஜரிடம், நீங்கள்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று உள்ளதைச் சொன்னேன். "கொடுத்து வெச்ச மனுஷன் மேடம்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை உங்களிடம் நான் சொல்லவில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த வாரமே சிறுதொழில் சங்கத்தின் விருது விழா, பூந்தமல்லி மண்டபத்தில். எனக்கு முன்னால் விருது வாங்கிய ஆண்களிடம் ஏற்றுமதி பற்றியும் புது மெஷின் பற்றியும் கேட்டார்கள். என்னிடம் மட்டும், "வீட்டையும் தொழிலையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்றார் தொகுப்பாளர். மூன்றாவது வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் ஆறு வயது மகளுமாக நீங்கள். ஒரே ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் உங்களுக்குப் பின்வரிசையில் அதே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். "தினமும் நாலரைக்கு எழுந்து சமைச்சு வெச்சிட்டுத்தான் கம்பெனிக்குக் கிளம்புவேன்" என்றேன்.

மண்டபமே கை தட்டியது. நீங்களும் தட்டினீர்கள். நாலரை மணிக்கு எழுந்து தேங்காய் துருவியவர், நான் ஆறரைக்குக் கண் விழிக்கும்போது டீயை நீட்டியவர், எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினீர்கள்.

திரும்பும் வழியில், கரையான்சாவடி சிக்னலில் வண்டி நின்றபோது, தலையைத் திருப்பாமலே, "இன்னா முதலாளி, நாளைக்கு நாலரைக்கு எழுப்பி உடட்டா?" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அதோடு சரியாகிவிட்டது என்று நம்பினேன். மன்னிப்பு என்று ஒன்று கேட்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டரை வருஷம் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

எஸ்டேட் முனையில் பட்டறை ஆட்கள் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். படத்துக்குக் கீழே 'தொழிலதிபர்' என்று போட்டிருந்தார்கள். பாவம், மரியாதை செய்வதாக நினைத்துச் செய்தது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இன்று மாலை மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. புது டீச்சர் எல்லோரிடமும் அப்பாவின் வேலையைக் கேட்டாராம். "அப்பா செத்துட்டாரு, இருந்தப்ப சமைச்சாரு, துணி துவைச்சாரு, எனக்குத் தலை சீவி உட்டாருன்னு சொன்னேன். பசங்க சிரிச்சாங்க" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனைக்கும் பிறகு, யோசிக்காமல், "தொழிலதிபர்னு சொல்லியிருக்கலாமேடி" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ மேடையில சொன்ன மாரியா?"

அவளே சொன்னாள். "அன்னிக்கு அப்பா கை தட்டிட்டு, என் தலை மேல மூஞ்சிய வெச்சுக்கினாரு. ரொம்ப நேரம் தூக்கவே இல்ல. என் முடியெல்லாம் ஈரமாயிடுச்சும்மா. அம்மா கிட்ட சொல்லாதன்னாரு."

நான்கு வருஷமாகக் குழந்தை அதைச் சுமந்திருக்கிறாள். மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது உங்கள் கைகள் மட்டும்தான். உங்கள் முகத்தைப் பார்க்காமல் விருதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மேடையில் ஏறி இப்போது நான் உண்மையைச் சொன்னாலும், மூன்றாவது வரிசையில் நீங்கள் இருக்கப் போவதில்லை. அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த ஈரம் இனி என் கையை விட்டுப் போகாது.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். அவள் போய்க் கொல்லையிலிருந்து இரண்டு பக்கெட்டையும் எடுத்து வந்தாள். சோடா எவ்வளவு போட வேண்டும் என்று அவள்தான் எனக்குக் காட்டினாள், உங்கள் கை அளவில் அல்ல, தன் சின்னக் கையால் இரண்டு பிடி.

அன்று நான் சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது. நாளையும் நாலரைக்கு எழுந்து சமைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும். எழுப்பிவிடத்தான் நீங்கள் இல்லை.