சுகாசினியின் டெல்லி

செவிலிமேடு, காஞ்சிபுரம்
6.7.2025

சுகாசினி அப்பா அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. எனக்கு அதற்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

சுகா சென்னைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் சேர்ந்து, தினமும் ரயிலில் போய் வருகிறாள். இப்போது நுழைவுத் தேர்வு மார்க்கும் வந்துவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பு கிடைத்துவிடும் என்கிறாள். அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்டேன். நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனு எழுதி எழுதிச் சலித்தவள் அவள். “யாரு முடிவு பண்றாங்க, எப்டி பண்றாங்கன்னு தெரிஞ்சிக்கணும்மா” என்றாள்.

எனக்குச் சென்னைதான் நல்லது. நைட் டூட்டி முடிந்து வரும்போது வீட்டில் ஒரு முகம் இருக்கும். ஆனால் மார்க்கைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அப்பா அங்கதானம்மா இருக்காரு” என்பதுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எஸ்தர்


டெல்லி
11.7.2025

அன்புள்ள எஸ்தருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகா இவ்வளவு மார்க் வாங்கியது சந்தோஷம். உன்னைத்தான் கொண்டு பிறந்திருக்கிறாள்.

டெல்லி வேண்டாம். ஜனவரிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்தியும் தெரியாது. சின்ன வயதிலேயே அவளுக்கு மூச்சு இரைக்கும், இங்கே காற்று அவ்வளவு மோசம். சென்னையில் என்ன குறை? அதே பாடம்தானே. நான் வேண்டாம் என்றதாக அவளிடம் சொல்லாதே. நீயே எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நைட் டூட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேள்.

டேனியல்


செவிலிமேடு
22.7.2025

சுகாசினி அப்பா அவர்களுக்கு,

டெல்லி சீட் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன காரணங்களையெல்லாம் என் காரணங்களாகவே அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். “அப்பா சொன்னாரா?” என்றாள். இல்லை என்றேன். இரண்டு நாள் யோசித்தாள். “அங்க நாலு வருஷ கோர்ஸும்மா. எல்லா ஊர்ப் புள்ளைங்களும் வரும். நான் போறேன்” என்றாள். அதற்குமேல் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் உங்கள் வீட்டுக்கு வரமாட்டாள், ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது. வாலாஜாபாத்திலிருந்து சந்தியா என்ற பெண்ணும் கூடப் போகிறாள்.

முப்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு ரயில் புதுடெல்லி வந்து சேரும். எஸ் நான்காவது பெட்டி. அங்கே வந்து நின்றால் போதும். நான் கூட வந்தால் நீங்கள் வரமாட்டீர்கள். அதற்காகத்தான் பிள்ளையைத் தனியாக அனுப்புகிறேன். இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

எஸ்தர்


டெல்லி
31.7.2025

அன்புள்ள எஸ்தருக்கு,

நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

போக வேண்டும் என்றுதான் கிளம்பினேன். மெட்ரோவில் பாதி வழி வந்து இறங்கிவிட்டேன். “உங்க வூட்டுக்குப் போலாமாப்பா” என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே இங்கே வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மெட்ரோ பிளாட்பாரத்திலேயே ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளா? என்மேல் கோபமாக இருக்கிறாளா? ஒரு வரி எழுது.

டேனியல்


செவிலிமேடு
5.8.2025

சுகாசினி அப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதுவரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

முப்பதாம் தேதி சாயங்காலமே சுகா போன் செய்தாள். “அப்பா வந்தாரும்மா. டீ வாங்கிக் குடுத்தாரு. ஹாஸ்டல் வரிக்கும் பையத் தூக்கிக்கினு வந்தாரு” என்றாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “கொஞ்சம் எளச்சிட்டாரு” என்றாள். என்ன சட்டை என்று கேட்டேன், கேட்க வேண்டும் போலிருந்தது. நீலச் சட்டை என்று உடனே சொன்னாள். “அம்மா ஒழுங்கா சாப்டுறாளான்னு அப்பா கேட்டாரும்மா” என்றாள். இந்த எட்டு வருடத்தில் உங்களைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. டூட்டியில் கூட இருக்கும் அம்சா அக்காவிடம், எங்க வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார் என்று நானாகவே போய்ச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை அங்கே எவ்வளவு நேரம் நின்றதோ எனக்குத் தெரியாது. கேட்கப் போவதும் இல்லை. கேட்டால் அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

உங்கள்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. அசதியாக இருக்கிறது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஹாஸ்டலில் பார்க்க விடுகிறார்களாம். போவதாக இருந்தால் ஸ்டேஷன் பேச்சை எடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். போகாவிட்டாலும், அப்பா வந்தார் என்றுதான் அவள் என்னிடம் சொல்வாள். சரிம்மா என்று நான் கேட்டுக்கொள்வேன்.

எஸ்தர்