அப்பாவின் இடது கால்

தாழ்வுபாடு
19.8.1979

அன்பு மகள் அன்ரோனெற்றுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே காரைத் தவிர எல்லாரும் சுகம். கனடாவில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, அது காருக்குத் தொற்றிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். கடலுக்குப் போகாத நாட்களில் ஆட்களை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிறக்கவென்று பழைய மொறிஸ் மைனர் ஒன்று வாங்கினாரே, அதுதான். கோயிலடி மணலில் ஏறும்போது எஞ்சின் கத்துகிற கத்தலுக்குக் கொழும்புக்கே போய்விடலாம், கார் மட்டும் அசையாது. உள்ளே கருகல் மணம். பின்னால் இருந்த நான் அடுப்பில் கறியை விட்டுவிட்டு வந்தேனோ என்று யோசித்தேன். எந்த வீட்டில் எது பழுதானாலும் திறந்து பார்க்காமலே காரணம் சொல்கிற யாகப்பர் வந்து, கியர் பொக்ஸ் முடிஞ்சுது சந்தியோகு, கொழும்பிலை ஒண்டு எடுத்துத் தாறன், உன்ரை வள்ளத்து எஞ்சினை எனக்குத் தா என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் ஓம் என்றுவிட்டார். எஞ்சின் இல்லாத வள்ளத்தில் கோழி அடைக்கிறதோ என்று கேட்டேன். இனிக் கார்தான் எங்களுக்குச் சோறு போடும் என்றார். அந்தக் கார் கோயில்வரைகூடப் போகவில்லை.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் உன் எட்வேட் மாமாவுக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிறு பூசை முடிந்து அவன் வரவும், எஞ்சினைக் கொண்டுபோக யாகப்பர் சாக்கோடு வரவும் சரியாக இருந்தது. அத்தான், கியர் போடேக்கை கரகரக்குதோ, தானாய்க் கழலுதோ என்று எட்வேட் கேட்டான். இல்லை, நெத்தலி வழுக்கிற மாதிரி உள்ளை விழுது என்றார் அப்பா. அப்ப கியர் பொக்ஸிலை என்ன குற்றம் என்று சொல்லிக்கொண்டே அவன் ஹான்ட் பிறேக்கை இறுக்கி, டொப் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விட்டான். கிளச் நல்லதென்றால் எஞ்சின் திணறி நிற்கவேண்டுமாம். எஞ்சின் நிற்கவில்லை, யாகப்பர்தான் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தார். கிளச் தட்டு தேய்ந்துவிட்டது, அதை மாற்றினால் போதும் என்றான். ஆனால் போன தவக்காலத்தில் தானே புதிதாகப் போட்ட தட்டு இவ்வளவு கெதியில் ஏன் தேய்ந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மணல் இல்லாத வீதியில் கார் மெல்ல ஊருந்தானே, அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்து கியரையே பார்த்தான். நான் பின்னாலிருந்து எட்டி அப்பாவின் காலைப் பார்த்தேன். வள்ளத்தில் எஞ்சின் பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு அலைக்கும் இடது காலை ஊன்றுவாரே, அதே மாதிரி ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிளச்சில் ஊன்றுகிறார். எங்கள் வீதியில் பள்ளத்துக்கு என்ன குறை? நான் சொன்னதும் எட்வேட், அப்பிடி ஊண்ட ஊண்டத்தான் தட்டு உரசித் தேயுது அத்தான், நீங்கள் கார் ஓடேல்லை, கச்சான் காத்துக் கடலிலை வள்ளமெல்லே விடுறியள் என்று விழுந்து விழுந்து சிரித்தான். காலை எங்கையாவது வைக்கத்தானே வேணும் என்றார் அப்பா.

தட்டை மாற்றியாயிற்று. வள்ளத்து எஞ்சின் வள்ளத்திலேயே இருக்கிறது. கிளச்சுக்குப் பக்கத்தில், பழைய வள்ளத்திலிருந்து ஒரு கட்டை எடுத்து, கால் ஊன்ற அறைந்துவிட்டேன். அப்பா அதைத் தன் கண்டுபிடிப்பென்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். யாகப்பர் தன் சைக்கிளுக்கும் ஒன்று வைக்கலாமோ என்று கேட்கிறார்.

கிளச்சே இல்லாத கார் ஓடப் பழகுவதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்துதான் எனக்குப் பயம். நீயும் சின்னதில் அப்பாவின் காலடியில் இருந்து வள்ளத்தில் போய்வந்த பிள்ளை. கிளச் இல்லாவிட்டால் அந்தக் கால் பிறேக்கில்தான் போய் விழும், அதுவும் பனி வீதியில். செபமாலையை மறவாதே, குளிருக்குக் காலுறை போடு. மாதா உன்னைத் தன் மேலாடையால் மூடிக் காப்பாள். இடது காலை எங்கே வைக்கிறாய் என்று கட்டாயம் எழுது. அந்தக் கட்டையில் இன்னொரு துண்டு மிச்சம் இருக்கிறது.

உன்னை முத்தமிடும் அம்மா,
மார்த்தா