கருவாட்டின் மேல் விழுந்த பழி

12 நவம்பர் 2019, செவ்வாய். லா சப்பல், பாரிஸ்.

என் கடைக் கருவாடுதான் நாறுகிறது என்று மாடிக்காரர்கள் ஒரு மாதமாக முறைத்தார்கள். நானும் அதை நம்பி மூட்டைகளைப் பின்னறைக்கு மாற்றினேன். நாற்றம் போகவில்லை.

காஸ் குழாய்களைச் சோதிக்க எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அரசாங்க மானியம் கிடைத்திருந்தது. இன்று ஆள் வந்தார். அவருடைய கருவி கருவாட்டருகே பேசாமல் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே, காஸ் கசிந்த பழைய குழாயடியில் கத்தத் தொடங்கியது. உடனே காஸை நிறுத்தினார்கள். மாலைக்குள் குழாயையும் மாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் மாடி மதாம் கடைக்கே வந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "இஞ்சருங்கோ, படிக்கட்டடியிலை தணல் வைச்சுச் சாம்பிராணி போட்டால் மணம் போயிடும் எண்டு நேற்று நிண்டது ஆர்?"

வாங்கிய சாம்பிராணி இன்னும் பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது.